துவர்த்து நீட்டப் போன ரசலையனுக்கு இரண்டாம் ஞானஸ்நானம்

செம்மண்விளை சபையில் ரசலையனுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. பெயர் எழுதி வைத்த பெஞ்சு அல்ல. இடதுபக்கம், கடைசிக்கு முந்தினது. அவர் அதில் சுவரோரமாக உட்கார்ந்தால், அந்தப் பெஞ்சின் மிச்சம் முழுவதும் காலியாகவே கிடக்கும். பிந்தி வருகிறவர்கள் வாசலில் நிற்பார்களே தவிர அங்கே வந்து உட்கார மாட்டார்கள்.

காரணம் ஒட்டுப்பால். கீரிப்பாறை மலையடிவாரத்து ரப்பர் மரங்களிலும் சிரட்டைகளிலும் வடிந்து காய்ந்து ஒட்டிப்போகும் மிச்சப் பாலை உரித்துச் சாக்கில் கட்டிப் போட்டு வைப்பார்கள். ரசலையன் அந்தச் சாக்குகளை வீடு வீடாகப் போய் வாங்கி, டெம்போவில் ஏற்றி, மொத்தக் கடையில் கொண்டு தள்ளுகிறவர். மழைக்காலத்தில் அந்தச் சாக்கு எப்படி மணக்கும் என்பதை எழுதாமல் விடுவது படிக்கிறவர்களுக்குச் செய்யும் தர்மம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சோப்பை இரண்டு தடவை தேய்த்துக் குளித்து, கழுத்திலும் அக்குளிலும் பௌடரை அப்பிக்கொண்டுதான் ஆராதனைக்கு வருவார். மூன்றாம் பாட்டு பாடி முடிப்பதற்குள் ஒட்டுப்பால் பௌடரை ஜெயித்துவிடும்.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் கட்டம் ஒன்று வரும். ஒருவர் கையை ஒருவர் பற்றி, "தேவ சமாதானம்" என்று சொல்ல வேண்டும். ரசலையனுக்கு மட்டும் எல்லோரும் இருந்த இடத்தில் நின்றே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவரும் திருப்பிக் கும்பிடுவார். செம்மண்விளையில் ஐக்கியம் என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்: மூக்குக்கு எட்டாத தூரத்திலிருந்து காட்டும் அன்பு. ரசலையன் இதற்காக ஒருநாளும் முகம் கோணியதில்லை. நாற்றத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தகுதியுள்ள ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். அவரே ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

அப்படிப்பட்ட மூக்கு ஒருநாள் சுளித்தது. அந்த வரலாறுதான் இது.

ரசலையனின் ஒரே மகள் ஜெனிலா. நாகர்கோவிலில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அவளுக்கு மார்த்தாண்டம் பக்கத்து ஜெரிஷை நிச்சயித்திருந்தார்கள். துபாயில் ஏசி மெக்கானிக். நல்ல பையன், குடியில்லை, லீவும் இல்லை. கல்யாணத்துக்கென்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்த லீவு. அதற்குள் மூன்று ஓலை வாசித்தாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயர்களைச் சொல்லி, "இவர்களுக்கு விவாகம் செய்யத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று போதகர் அறிவிப்பதுதான் ஓலை. மூன்றாவது ஓலை விழாத கல்யாணத்துக்குக் கோயில் கதவு திறக்காது. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் ஒரு இருமல்கூட இல்லாமல் முடிந்தன.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று மத்தியானம்தான் ஆன்ட்ரூஸ், அணைத் தண்ணீர் ஓடும் சானலில் முழுகினான்.

ஆன்ட்ரூஸ் ரசலையனின் மனைவி பூங்கனியின் தம்பி. குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபின் ஜீவ ஊற்று ஜெபவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன். அங்கே பாஸ்டர் ஷிபு. குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்தது செல்லாது, வளர்ந்தபின் மனதறிந்து முழுக வேண்டும் என்பது அவர்களுடைய உபதேசம். ஒருதரம் தெளித்தது தெளித்ததுதான், மறுபடி முழுகினால் சபைக்கு வெளியே என்பது செம்மண்விளை உபதேசம். இந்த இரண்டு உபதேசத்துக்கும் நடுவில் ஓடுவது சானல்.

"நீரும் கூடப் போவும்" என்றாள் பூங்கனி. "துணிமணி, செல்லு எல்லாம் பிடிக்க ஒரு ஆளு வேணும்லா அவனுக்கு."

"நானா? சபைக் கமிட்டிக்காரனுவ கண்டா?"

"கரையில நின்னு துவர்த்து பிடிக்கதுக்கு உபதேசம் ஒண்ணும் கிடையாது. எனக்க தம்பி நனைஞ்சிட்டு நடுங்கிட்டு நிக்கணுமா?"

ஆகவே ரசலையன், இடது தோளில் மைத்துனன் சட்டையும் வலது கையில் தலை துவட்டக் காய்ந்த துவர்த்துமாக, சானல் படித்துறையில் நின்றார். அணை திறந்து சில நாள் ஆகியிருந்தது. படி முழுக்கப் பச்சைப் பாசி. ஆன்ட்ரூஸின் மகள் பிரீனா குவைத்தில் நர்ஸ். அவள் பார்ப்பதற்காக ஒருவர் கரையில் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ்டர் ஷிபு இடுப்பளவு தண்ணீரில், கண்ணை மூடி, ஒரு கையை வானத்துக்கு ஏந்தியபடி நின்றார். மற்றக் கைக்கு வரும் தலைகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்ரூஸ் முழுகி எழுந்து, பல் கிட்டி நடுங்கினான். ரசலையன் துவர்த்தை நீட்டிக்கொண்டு ஒரு படி இறங்கினார். பாசி அவரை மிச்சப் படிகளைத் தாண்டி நேராகப் பாஸ்டரின் மற்றக் கைக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தது. கண்மூடி நின்ற பாஸ்டரின் கை ஒரு தலையை உணர்ந்தது. "உம்முடைய விசுவாசத்தின்படியே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்ற குரல் மேலே கேட்டது. மிச்சத்தை ரசலையன் தண்ணீருக்குள் இருந்து கேட்டார்.

எழுந்தபோது வாய் நிறையச் சானல் தண்ணீர். அதைத் துப்பிக்கொண்டே, ஒட்டுப்பால் சாக்கு காலில் விழும்போது சொல்வாரே, அந்த வார்த்தைகளைச் சொன்னார். கரையில் நின்ற இரண்டு பெண்கள் அதை, ஆவி இறங்கினால் வாயில் வரும் அந்நியபாஷை என்று சொல்லி அழுதார்கள்.

குவைத்திலிருந்து பிரீனா அன்று சாயங்காலமே வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டாள். "அப்பாவும் ரசலையன் மாமாவும் ஒரே நாளில் ஆண்டவருக்குள்." இரண்டு இதயமும் ஒரு புறாவும் சேர்த்திருந்தாள்.

செம்மண்விளை சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி குளோரிக்கு உடனே பாரம் வந்தது. பாரம் என்பது விசுவாசத்தைச் சேர்ந்த சொல். அடுத்த வீட்டு விஷயம் ஒன்று தெரியவந்து, அதைச் சொல்லாமல் இருக்க முடியாதபோது நெஞ்சில் ஏற்படும் கனத்துக்கு அந்தப் பெயர். சொன்னால் கோள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம். குளோரி கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகச் சொன்னாள். "ஆண்டவரே, வழிதப்பிப் போன எங்க ரசலையன் அண்ணனை, படித்துறையில வச்சு வழிதப்பின எங்க அண்ணனை" என்று வீடியோவையும் காட்டினாள்.

புதன்கிழமை கமிட்டி கூடியது.

செயலாளர் குமாரதாஸ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புதிதாக மாற்றலாகி வந்த போதகர் இவரைப் பார்த்துத் தும்மவும் யோசிப்பார். மேசைமேல் குமாரதாஸின் செல் சாய்த்து வைக்கப்பட்டு, வீடியோ ஓடியது. நிறுத்தினார்கள், பெரிதாக்கினார்கள், திரும்ப ஓட்டினார்கள். ஒருவர் முழங்கை தண்ணீருக்கு வெளியே தெரிகிறது, ஆகவே அது முழுக்கு ஆகாது என்றார். இன்னொருவர் தலை போனால் ஆளே போனதுதான் என்றார். இப்படி ஞானஸ்நானம் என்ற சொல்லின் பொருள் ரசலையனின் முழங்கை வரைக்கும் வந்து நின்றது. ரசலையன் வாசலோரம் நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், நான் வழுக்கி விழுந்தேன். துவர்த்து குடுக்கப் போனேன். பாசியாக்கும்."

"அத விடும்" என்றார் குமாரதாஸ். "ஞானஸ்நானம் ஒண்ணுதான். அது உமக்கு இங்க குழந்தையில ஆயாச்சு. அவனுவ சானல்ல செய்தது ஞானஸ்நானமே கிடையாது. வெறும் தண்ணி."

"அப்போ ஒண்ணும் இல்லியே சார்."

"ஆனா அத நீரு எடுத்தது குத்தம்."

"வெறும் தண்ணியையா?"

"எடுத்தீரு இல்லியா? எடுத்த மனசுதான் குத்தம். அதுக்குப் பேரு பின்மாற்றம்."

"மனசு இல்ல சார், காலு."

போதகர் சிரிப்பு வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டார். குமாரதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வகுப்புக்குப் பாடம் எடுக்கிற நிதானத்தில் சொன்னார்:

"ரசலையா, நல்லாக் கேளும். உமக்க மேல ஒழுங்கு நடவடிக்கை ஆரம்பிச்சாச்சு. அது நீங்கினாத்தான் மூணாம் ஓலை. அது நீங்கணும்னா மன்னிப்பு வேணும். மன்னிப்பு வேணும்னா பாவம் வேணும். நீரு வழுக்கி விழுந்தேன்னு சொன்னா பாவம் இல்ல. பாவம் இல்லன்னா எத மன்னிக்கியது? நடவடிக்கை அப்படியே நிக்கும். மனசறிஞ்சு இறங்கினேன்னு சபைக்கு முன்ன சொல்லும். அப்போதான் உம்ம மன்னிக்க முடியும்."

"அப்படி நான் சொன்னா அது பொய்யில்லியா சார்?"

"பொய்ய நாங்க விசாரிக்கல்லியே. முழுக்கு எடுத்ததத்தான் விசாரிக்கோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஞாயமான முகத்தோடு தலையாட்டினார்கள். கமிட்டியில் உள்ளவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருவர் ரசலையனுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர். இன்னொருவர் கல்யாணப் பந்தலைக் குறைந்த வாடகைக்கு ஏற்பாடு செய்து தந்தவர். ஒழுங்கு என்ற சொல் மேசைக்கு வந்ததும், நல்லவர்கள் எல்லோரும் அதற்கு நாற்காலி விட்டு எழுந்து நின்றார்கள்.

"மன்னிக்கியது நாங்க இல்ல, சபையாக்கும்" என்று குமாரதாஸ் முடித்தார். "நீரு சொல்லி நிறுத்தினதும் சபை ஆமென் சொல்லும். சபை ஆமென் சொல்லிட்டா காரியம் தீர்ந்தது. அதுக்குமேல பிஷப்புகூட வாய் திறக்க முடியாது. சபைன்னா அதுதான்."

மறுநாள் ரசலையன் ஜீவ ஊற்று ஜெபவீட்டுக்குப் போனார். ஷிபு ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்பாராமல் நடந்தது என்று. ஷிபு அன்பாக வரவேற்றார், கருப்பட்டிக் காப்பி கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும்தான் ரசலையனுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்காமல் உட்கார்ந்தவர். அதனாலேயே ரசலையனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"பாஸ்டரே, நான் வழுக்கி விழுந்தத நீங்க பாத்தீங்கல்லா."

"நான் கண்ண மூடிருந்தேன் அண்ணே."

"அத எழுதித் தந்தா போதும்."

"கண்ண மூடிருந்தேன்னு எழுதித் தரவா? அண்ணே, நீங்க வழுக்கினீங்கன்னு நீங்க நினைக்கீங்க. அங்க எத்தன பேரு நின்னாங்க? பாசி உங்கள மட்டும் எதுக்கு இழுத்துச்சு?"

"நான் மட்டுந்தான் படியில இறங்கினேன்."

"பாருங்க" என்றார் ஷிபு. கண் கலங்கியிருந்தது. "நீங்களே சொல்லுதீங்க. இறங்கினீங்க."

சுவரில் அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஒட்டியிருந்தது. அறுவடை என்ற தலைப்பின் கீழே, வாய் பிளந்து, மூக்கில் தண்ணீர் வழிய, ரசலையன் சானலிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். இங்கே அவர் அறுவடையான ஆத்துமா. அங்கே பின்மாற்றக்காரர். இரண்டு இடத்திலும் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் மனசு தெரிந்திருந்தது. டெம்போவில் ஏறி உட்கார்ந்தபோது பின்னாலிருந்து வந்த சாக்கு வாடையை அவர் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டார். வாயில் ஊறிய கசப்பு கொஞ்சம் குறைந்தது.

வீட்டில் பூங்கனி முற்றத்தில் செல்லோடு நின்றாள். ஜெரிஷின் அம்மாவிடமிருந்து போன் வந்திருக்கிறது.

"உங்க சபையில என்னவோ பிரச்சினைன்னு கேட்டோம், மூணாம் ஓலை விழுமான்னு கேக்கியா அவ. பையனுக்க லீவு முடிஞ்சா அடுத்த லீவு எப்பன்னு தெரியாதாம். என்ன சொல்லட்டும் நான்?"

"வழுக்கினேன்னு சொல்லு."

"அத யாரு கேக்கியா? பேசாம கமிட்டி சொன்னத சொல்லும். ஒரு வாக்கு பொய். அதுவும் கோயில்லதான சொல்லுதீரு, போலீஸ் ஸ்டேஷன்லயா?"

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த ஜெனிலா செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த வாடை வீட்டின் வாடை.

"அப்பா, எனக்காகச் சொல்லாண்டாம். ரிஜிஸ்தர் ஆபீசுல போய் கெட்டிட்டுப் போறோம். ஜெரிஷ்ட்ட நான் பேசுகேன்."

"ஏட்டி, அவனுக்க அம்மை சம்மதிப்பாளா?"

சம்மதிக்க மாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கோயில் மணி அடிக்காத கல்யாணத்துக்கு அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு நாற்காலிகூட நிறையாது. மகளின் கை தன் முழங்கைமேல் இருப்பதை ரசலையன் பார்த்தார். கமிட்டி பெரிதாக்கிப் பார்த்த அதே முழங்கை.

"ஞாயிற்றுக்கிழமை பாப்போம் மக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நிறைந்திருந்தது. விசுவாசம் குறைந்தவர்களும் அன்று வந்திருந்தார்கள். ஒருவனைச் சபைக்கு முன் நிறுத்தும் நாளில் எவருக்கும் காய்ச்சல் வருவதில்லை. பிரசங்கம் நீண்டது. மின்விசிறிகள் வெந்நீரைக் கலக்குவதுபோலக் காற்றைக் கலக்கின. பாதிப்பேர் அரைக்கண்ணில் இருந்தார்கள். போதகர் பீடத்துக்கு முன்னால் வந்து, "நம்முடைய சகோதரர் ஒருவர் தாழ்மையோடு" என்று தொடங்கி, ரசலையனைக் கையசைத்து அழைத்தார்.

ரசலையன் நடந்தார். மைக் வாய்க்கு எட்டும்படி போதகரே சரிசெய்து வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார். முதல் பெஞ்சில் குமாரதாஸ், சொல்ல வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்த திருப்தியோடு, கண்மூடி இருந்தார். பெண்கள் பக்கம் பூங்கனி முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெனிலா நேராக அவரைப் பார்த்தாள். பக்கத்தில் ஜெரிஷின் அம்மா.

தாள் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பொய் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். ராத்திரி முழுக்க அதைத் தனக்குள் பழகியும் வைத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் சானல் தண்ணீரின் ருசி நாக்கில் வந்து நின்றது.

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே" என்றார், பாட்டுத் தாளத்தில், எல்லோரும் சொல்லுகிற ராகத்தில். "நான் எனக்க மச்சினனுக்குத் துவர்த்து குடுக்கப் போனேன். பாசியில வழுக்கி விழுந்தேன். மனசறிஞ்சு இறங்கினேன்னு இங்க வந்து பொய் சொல்லணும்னு கமிட்டி சொல்லிச்சு. சொன்னாத்தான் எனக்க மோளுக்க ஓலையாம். எனக்கு மனஸ்தாபம் ஒண்ணும் கிடையாது. அருவருப்பாக்கும் இருக்கு. இந்த ஒட்டுப்பாலவிட உங்க மேசையில கிடந்த அந்தப் பேச்சு நாறிச்சு. இத பிதாவும் குமாரனும் கேட்டுட்டு இருக்காவ."

நிறுத்தினார். ஜெபம் முடிகிற இடத்தில் குரல் எப்படித் தாழுமோ, அப்படியே தாழ்ந்திருந்தது. அதுவரை கேட்டவர்கள் எத்தனை பேரோ தெரியாது. ஆனால் அந்தத் தாழ்ந்த இடத்தை, பிறந்த நாள் முதல் பழகிய காதுகள் எல்லாம் கேட்டன.

"ஆமென்" என்றது சபை.

கூரை ஓடு அதிர்ந்தது. கீபோர்டுக்காரன் திடுக்கிட்டு விழித்து, மன்னிப்புப் பாட்டின் முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தான். சபை எழுந்து நின்று பாடியது. கண்ணைத் திறந்த குமாரதாஸின் வாய் ஒருதரம் திறந்து மூடியது. அவருக்கு மட்டும் நடுவில் விழிப்புத் தட்டி, கடைசி வரி காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் சபை ஆமென் சொல்லியாயிற்று. அதற்குமேல் பிஷப்புகூட வாய் திறக்க முடியாது. போதகர் எல்லாம் கேட்டவர்தான். அவசர அவசரமாகத் தாளைப் புரட்டி, "செம்மண்விளை ரசலையன், பூங்கனி இவர்களின் மகள் ஜெனிலாவுக்கும்" என்று மூன்றாம் ஓலையை ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். தடை அறிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் குளோரி, சேலைத் தலைப்பால் மூக்கையும் கண்ணையும் சேர்த்துப் பொத்தியபடி வந்தாள்.

"கண்ணு நிறஞ்சு போச்சு அண்ணே. என்ன ஒரு தாழ்மை."

"நான் என்னத்த சொன்னேன் குளோரி?"

"அதெல்லாம் இனி எதுக்கு? சபை மன்னிச்சாச்சு, மறந்தாச்சு."

ரசலையன் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவராவது கோபப்பட்டிருந்தால் அவருக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். எல்லோரும் தூரத்தில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரியமாகக் கும்பிட்டார்கள். ஜெனிலா மட்டும் வந்து அவர் கையைப் பிடித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று ஜெரிஷின் அம்மாவுக்குப் புரியவில்லை. தாழ்மையுள்ள குடும்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணம் மணியடித்து, கோயில் கதவு திறந்து, பிரியாணி வைத்து நடந்தது. ஜெரிஷ் லீவு முடிந்து போனான். ஜெனிலா விசாவுக்குக் காத்திருக்கிறாள். ஜீவ ஊற்று ஜெபவீட்டுக் காலண்டர் வந்தபோது ரசலையன் கிழித்துப் போடவில்லை. ஒட்டுப்பால் கொட்டகையில், சாக்குகளுக்கு நேர்மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.

பௌடர் போடுவதை நிறுத்திவிட்டார். சோப்பும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடையாது. விடியற்காலையில் கொட்டகைக்குப் போய் நான்கு சாக்கைப் புரட்டிப் போட்டுவிட்டு, அதே கையோடு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆராதனைக்கு வருகிறார். சுவரோரம் உட்கார்வதில்லை, பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்கிறார். முன்னும் பின்னுமாக இரண்டு பெஞ்சுகள் கூடுதலாகக் காலியாகியிருக்கின்றன.

சமாதானம் கொடுக்கும் கட்டம் வரும்போது அவர் கும்பிடுவதில்லை. பெஞ்சைவிட்டு இறங்கி, நடுவழியே நிதானமாக நடந்து, முதல் பெஞ்சுக்குப் போகிறார். குமாரதாஸ் சாரின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்கிறார். "தேவ சமாதானம் சார்" என்கிறார். ஆராதனை முறைமையில் அதற்கு எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கவில்லை. போதகர் தாளைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்து காத்திருக்கிறார். குமாரதாஸ் மூச்சுக்குத் தவித்து, கண்ணில் நீர் வரும்வரை ரசலையன் விடுவதில்லை.

பின்னால் இருப்பவர்களுக்கு அது மிகுந்த ஐக்கியமாகத் தெரிகிறது.